கறுப்பு ஊக்கு

ஆடி 1, வியாழன்

நகைக்கடைக்காரர் தை மாதம் கொடுத்த டைரி இது. ஆறு மாதமாக ஸ்டூடியோவில் மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தது. இன்று உருவி எடுத்துவிட்டேன். மேசை ஆடுகிறது. ஆடட்டும்.

இனி ஒரு மாதத்துக்குக் கல்யாணம் கிடையாது. இருபத்தாறு வருஷமாக ஆடி பிறந்தால் கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டியவன் நான். இந்த வருஷம் மாட்டேன். சித்திரையில் நடந்த பறவைப் படப் போட்டியில், நடுவராக வந்த ஒரு மனுஷன் என் கொக்குப் படத்தை மேடையில் தூக்கிப் பிடித்துக் கேட்டான்: "இத எடுத்தவரு கல்யாண போட்டோகிராபரா? கொக்கு மாப்பிள்ளை மாதிரி வெறச்சுக்கிட்டு நிக்குதே! மாலைதான் பாக்கி." மண்டபமே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அவன் சொன்னதைவிட நான் சிரித்ததுதான் இன்னும் ஆறவில்லை.

ஆவணியில் மாநிலப் போட்டி. அதே ஆள்தான் நடுவர். ஆடி இருபதுக்குள் படம் போய்ச் சேர வேண்டும். அன்றன்றைக்குச் செய்த தப்பை அன்றன்றைக்கே எழுதி வைத்தால் படம் திருந்தும் என்று எங்கேயோ படித்தேன். ஆகையால் இது தப்புக் கணக்கு. ஆவுடையப்பன் ஆகிய நான் ஒன்று விடாமல் எழுதப் போகிறேன்.

ஆடி 2, வெள்ளி

ஊருக்கு மேற்கே ஆவாரங்குளம். விடியும்போதே போய்விட்டேன்.

தப்பு ஒன்று: ஷட்டர் வேகம் நொடியில் இருநூற்றைம்பதில் ஒரு பங்கு. தாலி கட்டுகிற கைக்கு அது போதும். பறக்கிற நாரைக்குப் போதாது. எல்லாப் படத்திலும் நாரை, துவைத்துப் போட்ட வேட்டி மாதிரி இருக்கிறது. ஆயிரத்துக்கு மேலே போக வேண்டும். தப்பு இரண்டு: நின்றுகொண்டு எடுத்தது. பறவையின் கண் மட்டத்துக்கு நாம் இறங்க வேண்டும். இறங்கினேன். முழங்காலில் உடைமுள் ஏறியது.

தப்பு மூன்றை எழுத வெட்கமாக இருக்கிறது. ஒரு முக்குளிப்பானைப் பார்த்து, "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க" என்று சொல்லிவிட்டேன். வாய்ப் பழக்கம். பின்னால் ஒரு பொம்பளை களுக்கென்று சிரித்தாள்.

"அண்ணாச்சி, அது ஒங்க சொல்பேச்சு கேக்காது. அதுக்கு வேற சோலி கெடக்கு."

இசக்கியம்மாள். வனத்துறையின் தற்காலிகக் காவலாளி. சேலைமேல் காக்கிச் சட்டை, கையில் மூங்கில் கம்பு. சட்டையின் மேல் பொத்தான் போய், அந்த இடத்தில் ஒரு வெள்ளை ஊக்குக் குத்தியிருந்தாள். ஒன்பது வருஷமாக இந்தக் குளத்தைச் சுற்றி வருகிறாளாம். எனக்கு ஒரு மகள் இருந்திருந்தால்கூட என்னைப் பார்த்து இப்படிச் சிரித்திருக்க மாட்டாள். கோபம்தான் வந்தது, ஆனால் அவள் சொன்னது சரி.

ஆடி 4, ஞாயிறு

இன்று எனக்கு ரத்தக் கொதிப்பு எவ்வளவு என்று யாராவது பார்த்திருந்தால் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருப்பார்கள்.

பல் டாக்டர் சாந்தகுமார். எங்கள் பறவை வாட்ஸ்அப் குழுவில் அவரும் ஒரு ஆள். ஜீப்பில் வந்து இறங்கினார். லென்ஸ் என்றால் லென்ஸ், தூக்கிக்கொண்டு நடக்கத் தனியாக ஒரு தோள் வேண்டும். அது போகட்டும், அவர் காசு, அவர் லென்ஸ். மனுஷன் செய்த வேலை என்ன தெரியுமா? செல்போனில் மாம்பழச்சிட்டின் குரலைப் போட்டுவிட்டுப் புதருக்குள் வைத்தார். நிஜச் சிட்டு, வேறு ஆண் வந்துவிட்டது என்று நினைத்து, பதறிப் பறந்து வந்து கண்ணெதிரே உட்கார்ந்தது. டபடபவென்று எடுத்துத் தள்ளிவிட்டார்.

"டாக்டர், இது ஏமாத்து வேலை இல்லையா?"

"ரெண்டே நிமிஷம் சார். அதுக்கு ஒண்ணும் ஆகாது."

ஒன்றும் ஆகாதாம்! குஞ்சு பொரிக்கிற காலத்தில் அதன் வீட்டு வாசலில் நின்று சண்டைக்குக் கூப்பிட்டுவிட்டு, ஒன்றும் ஆகாதாம். முகத்துக்கு நேரே சொன்னேன், "பறவைக்கு இடைஞ்சல் பண்ணி எடுக்கிற படம் படமே இல்ல" என்று. இசக்கியம்மாள் கேட்டுக்கொண்டு நின்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆடி 5, திங்கள்

நானூறு படம். ஒன்றும் தேறவில்லை.

ஆடி 7, புதன்

டாக்டரிடம் அப்படிப் பேசியதற்குக் கூலி கிடைத்தது. இசக்கியம்மாள் கம்பால் காட்டி, "அந்தா, வேம்புல மூணாவது கொப்பு" என்றாள். ஐந்து நிமிஷம் தேடியும் எனக்குத் தெரியவில்லை. அப்புறம் தெரிந்தது. மாம்பழச்சிட்டின் கூடு. பிள்ளைக்குப் பால் புகட்டுகிற சங்கை விடக் கொஞ்சம் பெரிசு, சிலந்தி நூலால் பூசி மெழுகியிருந்தது. பெட்டை உள்ளே உட்கார்ந்திருந்தது, வால் மட்டும் வெளியே.

"இந்தா, இந்தக் கல்லுதான் எல்லை. முப்பதடி. இதுக்கு அங்கிட்டு ஒரு எட்டு வச்சியன்னா நான் பேச மாட்டேன், கம்பு பேசும். யாருட்டயும் சொல்லிராதீய. அந்தப் பல் டாக்டருட்ட வாயே தொறக்காதீய. ஒங்கள நம்பித்தான் காட்டுதேன்."

கல்லில் உட்கார்ந்து நான்கு மணி நேரம். ஆண் பதினோரு முறை வந்தது. கறுப்பும் மஞ்சளும். கண்ணில் போகஸ் விழ வேண்டும், மூக்கில் விழுந்தால் படம் குப்பை. இன்று பாதி கண்ணில் விழுந்தது.

ஆடி 9, வெள்ளி

மொட்டை மாடியில் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு, அது இறங்குகிற வேகத்துக்கு லென்ஸைச் சுழற்றிப் பழகினேன். என் வீட்டுக்காரி கோமதி வந்து பார்த்துவிட்டு, "முப்பது வருசத்துல எனக்கு இப்படி ஒரு போட்டோ எடுத்ததுண்டா?" என்றாள். காக்கை அசையாமல் நிற்காது, நீ நிற்பாய், அதில் என்ன கஷ்டம் என்றேன். இரவுச் சாப்பாட்டில் உப்பு இல்லை.

பையில் இடமே இல்லை. கல்யாணச் சாமானை இன்னும் எடுக்கவில்லை. சீப்பு, பவுடர் டப்பா, கத்தரி, ஊக்குப் பெட்டி. எல்லாம் கறுப்பு ஊக்கு. வெள்ளை ஊக்கு பிளாஷ் பட்டால் பளிச்சென்று காட்டிக் கொடுத்துவிடும். கோமதிதான் ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் பார்த்துப் பார்த்து அடுக்கி வைப்பாள். ஆவணியில் எப்படியும் வேண்டும், கிடக்கட்டும்.

ஆடி 11, ஞாயிறு

குஞ்சு பொரித்துவிட்டது! மூன்று. கூட்டு விளிம்புக்கு மேலே மூன்று மஞ்சள் வாய். ஆண் ஒரு பச்சைப் புழுவோடு வந்து, மூன்று வாயில் எதற்குக் கொடுப்பது என்று ஒரு நொடி யோசித்தது. அந்த ஒரு நொடிதான் படம்.

கிடைக்கவில்லை. கூட்டுக்கு மேலே ஒரு வேப்பங்குழை குடை மாதிரி கவிந்து கிடக்கிறது. கூடு முழுக்க இருட்டு. ஆடிக் காற்றில் குழை ஆடுகிறபோது ஒரு கீற்று வெளிச்சம் விழுகிறது, நான் அமுக்குவதற்குள் போய்விடுகிறது. எல்லாம் இருந்தும் ஒரு குழையால் கெடுகிறது. கல்யாண வீட்டில் மணப்பெண் முகத்துக்குக் குறுக்கே சித்தி ஒருத்தி வந்து நிற்பாளே, அந்த எரிச்சல்.

ஆடி 13, செவ்வாய்

எடுத்துவிட்டேன்.

இருபத்தாறு வருஷத்தில் இப்படி ஒன்று எடுத்ததில்லை. காலை ஒன்பதே முக்கால். ஆண் புழுவோடு விளிம்பில் நிற்கிறது, பெட்டை எதிர்ப்பக்கம் சிறகை ஒடுக்கிக்கொண்டு. நடுவில் மூன்று வாய். கூடு முழுக்க இளவெயில். சிலந்தி நூல் ஒவ்வொன்றும் எண்ணலாம் போல இருக்கிறது. இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. கண்ணில் ஊசி முனை போகஸ்.

எடுப்பதற்கு முன்னால் பிரேமைக் கொஞ்சம் ஒழுங்கு பண்ணினேன். பெரிதாக ஒன்றும் இல்லை. இசக்கியம்மாள் இல்லை, அவள் ஊர் அம்மனுக்குக் கொடைத் திருவிழா, மூன்று நாள் லீவு.

அதற்குள் நம் ஊர்க் கொடைக் கமிட்டிக்காரர் போன். "எங்க கெடக்கீரு? பால்குடம் கெளம்பிட்டுய்யா!" கொடை வீடியோ ஒத்துக்கொண்டிருந்தது மறந்தே போயிற்று. பையை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினேன். வழியெல்லாம் எனக்கு நானே சிரித்துக்கொண்டேன். நடுவரே, மாலையைக் கொண்டு வாரும்.

ஆடி 14, புதன்

கொடை. முளைப்பாரி, வில்லுப்பாட்டு. நாள் முழுக்க நின்று கால் வீங்கிவிட்டது. வெயில் மண்டையைப் பிளக்கிறது.

ஆடி 15, வியாழன்

மூன்றும் செத்துக் கிடக்கின்றன.

காலையில் போனேன். சத்தம் இல்லை. கல்லில் உட்கார்ந்து லென்ஸ் வழியாகப் பார்த்தேன். வாய் மூன்றும் திறந்தபடியே இருந்தன, அசையவில்லை. எறும்பு ஊர்கிறது. மேலே கவிந்து கிடந்த குழை ஒதுங்கிப் போயிருக்கிறது. இரண்டு நாள் உச்சி வெயில் நேரே கூட்டுக்குள் இறங்கியிருக்கிறது. இறகு முளைக்காத குஞ்சு என்ன செய்யும்? ஆணும் பெட்டையும் பக்கத்து உடைமரத்தில் மாறி மாறிக் கத்திக்கொண்டிருந்தன.

குளத்துக் கரையில் ஜீப் தடம். மாடு மேய்க்கிறவரிடம் கேட்டேன். "நேத்து அந்தப் பல் டாக்டரு வந்தாரே" என்றார். அவ்வளவுதான், எனக்கு உடம்பெல்லாம் தீப்பற்றிக்கொண்டது. வேறு யார்? செல்போனில் குரலைப் போட்டு ஏமாற்றுகிறவன் குழையை ஒதுக்க மாட்டானா? அங்கேயே நின்று குழுவில் எழுதினேன்: "மூன்று குஞ்சைக் கொன்றவர் நம் குழுவில் இருக்கிறார். பெயர் சாந்தகுமார். குழையை ஒதுக்கிய அந்தக் கை விளங்காமல் போகட்டும்."

நூற்று நாற்பது பேர் குழுவில். சாயங்காலத்துக்குள் அவரை வெளியேற்றிவிட்டார்கள். என்னைப் பாராட்டி எத்தனையோ பேர்.

நான் மரத்துப் பக்கத்தில் போகவில்லை. போய் என்ன பார்க்க?

ஆடி 16, வெள்ளி

டாக்டர் போன் செய்தார்.

"ஆவுடையப்பன் சார், நான் வந்தேன், இல்லங்கல. எனக்குக் கூடு இருக்கதே தெரியாது சார். தண்ணிப் பக்கம் நின்னு கொக்குதான் எடுத்தேன். என் கிளினிக்குக்கு வர்றவங்கல்லாம் அந்த மெசேஜக் காட்டிக் கேக்காங்க."

"நல்லாக் கேக்கட்டும்" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

ஆடி 18, ஞாயிறு

போட்டிக்கு அனுப்பிவிட்டேன். அனுப்புமுன் மேல் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டினேன். கண்ணை உறுத்துகிற மாதிரி ஒன்று இருந்தது. வெட்டியதும் படம் இன்னும் நெருக்கமாக, இன்னும் நன்றாக ஆகிவிட்டது. படத்துக்குப் பெயர் கேட்டார்கள். 'மூன்று வாய்' என்று போட்டேன்.

ஆடி 20, செவ்வாய்

வனத்துறைக்காரர்கள் மரத்தைப் பார்த்திருக்கிறார்கள். குழுவில் ஒரு படம் வந்தது. உள்ளங்கையில் ஒரு ஊக்கு. கூட்டுக்கு மேலே இருந்த குழையை மடக்கி, பக்கத்துக் கொப்போடு சேர்த்துக் குத்தி வைத்திருந்ததாம்.

குழுவெல்லாம் இப்போது டாக்டரை விட்டுவிட்டது. ஆம்பிளை எதற்கு ஊக்கு வைத்திருக்கப் போகிறான்? பொம்பளை வேலைதான் என்கிறார்கள். அந்தக் குளத்துக்குப் போகிற பொம்பளை ஒருத்திதான்.

ஆடி 21, புதன்

வெயில்.

ஆடி 22, வியாழன்

இசக்கியம்மாள் ஸ்டூடியோவுக்கே வந்துவிட்டாள். காக்கிச் சட்டை இல்லாமல் அவளைப் பார்த்தது இதுதான் முதல் தடவை.

"நாளையிலருந்து வராதன்னு நேத்து சொல்லிட்டாரு ரேஞ்சரு. போட்டா எடுக்க வாறவியட்ட துட்டு வாங்கிக்கிட்டு நாந்தான் குழைய ஒதுக்கிக் குடுத்தேனாம். எஞ்சட்டையில ஊக்கு குத்தியிருக்கது அவருக்குச் சாட்சி. எய்யா, என் ஊக்கு வெள்ளைல்லா, அது கறுப்புல்லாங்கேன். 'ஊக்குல என்னம்மா கறுப்பு வெள்ளை'ங்காரு. மூணு நாளு கொடைக்குப் போனது ஒரு குத்தமா அண்ணாச்சி? நான் கூட்டுப் பக்கம் ஒருத்தரையும் விட்டதில்லன்னு ஒங்களுக்குத் தெரியும். நீங்க படிச்சவுக, குரூப்புல நாலு வார்த்த எழுதுனியன்னா கேப்பாக."

எழுதுகிறேன் என்றேன். காப்பி வாங்கி வரச் சொல்லட்டுமா என்றேன். வேண்டாம் என்று போய்விட்டாள்.

எழுத உட்கார்ந்தேன். கரண்ட் போய்விட்டது.

ஆடி 23, வெள்ளி

கரண்ட் வந்து ஒரு நாள் ஆகிறது. கேள்வி கேட்க யாரும் இல்லை என்று நினைத்தேன். கோமதி இருக்கிறாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது செல்போனை என் இலைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது நம்ம பெட்டி ஊக்குல்லா?"

டம்ளரைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன். ஊரில் உனக்கு மட்டும்தான் கறுப்பு ஊக்கு விற்கிறானா, சோறு போடுகிற வாய்க்கு வேறு பேச்சுக் கிடையாதா, இன்னும் என்னென்னவோ கத்தினேன். தெருவே எட்டிப் பார்த்தது. அவள் அசையவில்லை. டம்ளரைப் பொறுக்கி எடுத்து, நெளிவைக் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்தாள்.

"கத்துனா ஊக்கு வெள்ளையாயிருமா?" என்றாள்.

பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன்.

ஆடி 26, திங்கள்

நடுவர் தானாகப் போன் செய்தான். அதே குரல்.

"ஆவுடையப்பனா? பிரமாதம்யா! கல்யாணக்காரர் எடுத்த படம்னு யாரும் சொல்ல முடியாது. மொதப் பரிசு ஒமக்குத்தான், இப்பவே வெளிய சொல்லிராதேயும். வெட்டாத மூலப் படத்த மட்டும் நாளைக்குள்ள அனுப்பி வையும். எல்லாருட்டயும் கேக்கதுதான்."

மூன்று மாதமாக எந்த வார்த்தைக்காக எரிந்துகொண்டிருந்தேனோ, அந்த வார்த்தை வந்துவிட்டது. வந்து காதுக்குள் கிடந்து குடைகிறது. அவன் மேல் கோபப்பட இப்போது காரணம் ஏதும் இல்லை. அதுதான் இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

ஆடி 27, செவ்வாய்

மூலப் படத்தைத் திறந்து பெரிதாக்கினேன். மேல் ஓரத்தில், குழை மடங்குகிற இடத்தில், கறுப்பாக, தெளிவாக இருக்கிறது. இரண்டாயிரத்தில் ஒரு பங்கு ஷட்டர் பொய் சொல்லாது. ஊக்கின் வளைவுகூடத் தெரிகிறது. அடேயப்பா, என்ன போகஸ்!

தப்புக் கணக்கு என்று சொல்லித்தானே இதை ஆரம்பித்தாய்? எழுதுடா.

ஆடி பதிமூன்று, காலை ஒன்பதரை. கல்லைத் தாண்டினேன். முப்பதடியும் நடந்தேன். பெட்டை பறந்துவிட்டது. பையில் கைவிட்டேன், ஊக்கு கையில் வந்தது. மணப்பெண்ணின் முந்தானை மடிப்பைச் சேர்த்துக் குத்துவதுபோல வேப்பங்குழையை மடக்கிக் குத்தினேன். ஐந்து நிமிஷத்தில் கழற்றிவிடலாம் என்றுதான் குத்தினேன். போன் வந்தது, ஓடினேன், மறந்துவிட்டேன். மறந்தது நிஜம். பதினைந்தாம் தேதி காலையில் ஒதுங்கிக் கிடந்த குழையைப் பார்த்ததுமே ஞாபகம் வந்துவிட்டது, அதுவும் நிஜம். ஞாபகம் வந்த பிறகுதான் டாக்டர் பெயரை எழுதினேன். கை விளங்காமல் போகட்டும் என்று நான் சாபம் விட்டது யார் கைக்கு என்று எனக்குத் தெரியும். அதே கையால்தான் அதை டைப் அடித்தேன்.

டாக்டர் ரெண்டு நிமிஷம் என்றார், நான் ஐந்து நிமிஷம் என்றேன். அவரைத் திட்டுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை இருந்தது? என் கோபமெல்லாம் வெறும் புகைமூட்டம். அதற்குப் பின்னால் நின்றுகொண்டு ஒரு ஏழைப் பொம்பளையின் காக்கிச் சட்டையைப் பறித்துவிட்டேன். தூ.

வெட்டாத படத்தைக் குழுவில் போட்டேன். "ஊக்கு என்னுடையது. குஞ்சைக் கொன்றது நான். சாந்தகுமாரும் இல்லை, இசக்கியம்மாளும் இல்லை" என்று கீழே எழுதினேன். அதையே நடுவருக்கும் அனுப்பினேன். டாக்டருக்குப் போன் செய்தேன். "என் பேர எழுதின அதே எடத்துல எழுதுனீங்கள்ல, அது போதும். இனிமே எனக்குப் போன் பண்ணாதீங்க" என்றார்.

நூற்று நாற்பது பேரும் இப்போது என்னைத் திட்டுகிறார்கள். நான் எழுதிய அதே வார்த்தைகள்தான். கோமதி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நெளிந்த டம்ளரிலேயே காப்பி கொடுத்தாள்.

ஆடி 28, புதன்

ரேஞ்சர் அலுவலகம். ஊக்குப் பெட்டியையும் கொண்டுபோய்க் காட்டினேன். அப்பா பெயர், முகவரி, செய்த குற்றம் எல்லாம் என் கைப்பட எழுதி வாங்கினார்கள். வழக்குப் போடுவது பற்றி மேலே கேட்டுச் சொல்வார்களாம். கேமராவோடு இனி குளத்துப் பக்கம் காலெடுத்து வைக்கக் கூடாது. "அந்த அம்மாவ நாளைக்கே வரச் சொல்லிருதேன்" என்றார் ரேஞ்சர், ஏதோ எனக்குச் செய்கிற உபகாரம் மாதிரி. அவரையும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். கேட்கிற வாய் எனக்கு இல்லை.

ஆடி 31, சனி

நாளை ஆவணி. காலையில் கேமரா இல்லாமல் குளத்துக்குப் போனேன். இசக்கியம்மாள் காக்கிச் சட்டை போட்டிருந்தாள். மேல் பொத்தான் புதிதாகத் தைத்திருந்தது, நூல் வேறு நிறம். நான் வருவதைப் பார்த்தும் நடையை நிறுத்தவில்லை. பின்னாலேயே போனேன்.

"மன்னிச்சிருன்னு கேக்க வந்தேன்."

"அத எங்கிட்ட கேட்டு என்ன? சோலி போனது ஏழு நாளு, திரும்பி வந்துட்டு. அந்தப் பெட்டை ரெண்டு நாளா வெயிலுக்கு எதுத்தாப்புல ரெக்கைய விரிச்சு விரிச்சு மறைச்சுப் பாத்துருக்கும் அண்ணாச்சி. அதுட்டப் போயிக் கேளுங்க."

கரையில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரம் போய்த் திரும்பினாள்.

"மறுபடி கூடு கட்டுது. மூணு நாளாப் பாக்கேன். எந்த மரம்னு ஒங்களுக்குச் சொல்ல மாட்டேன்."

சரி என்றேன். திரும்பி நடந்தேன். மடையைத் தாண்டும்போது என் இடது பக்கம், தலைக்குச் சற்று மேலே, அந்தச் சீழ்க்கைச் சத்தம் கேட்டது. ஒரு மாதமாகக் கேட்டுப் பழகிய காது. எந்த மரம், எந்தக் கொப்பு, எத்தனை அடி என்று பார்க்காமலே தெரிந்துவிட்டது. வெளிச்சம்கூடச் சரியாக இருந்தது.

தலையைத் தூக்காமல் நடந்து ரோட்டுக்கு வந்துவிட்டேன். கையிரண்டையும் கால்சட்டைப் பைக்குள் விட்டிருந்தேன்.